கூட நடக்க ஒரு அக்கா



போன மாதம் ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய ஊரில் தையல் தொழில் செய்யும் பெண்கள் ஒன்றுசேர்ந்து ஒரு சங்கம் பதிந்திருக்கிறார்களாம். இருபது வருட அனுபவமுள்ளவர்களும் இருக்கிறார்கள், நேற்று மெசின் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். "மூத்தவர்கள் புதியவர்களுக்குக் கைகொடுக்கும்படி ஒரு ஒழுங்கு செய்ய விரும்புகிறோம். உங்கள் சங்கத்தில் அப்படி ஒன்று நடத்தினீர்கள் என்று கேள்விப்பட்டோம். எப்படித் தொடங்கினீர்கள்?" என்று கேட்டிருந்தார்.

அந்தச் சகோதரிக்கான பதிலாகவே இம்மாதப் பக்கத்தை எழுதுகிறேன். நாங்கள் செய்தவற்றில் சரிவந்தவையும் உண்டு, பிழைத்தவையும் உண்டு. பிழைத்தவைதான் உங்களுக்குக் கூடுதலாக உதவும். ஆகவே அவற்றை ஒளிக்காமல் சொல்கிறேன்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். எங்கள் முன்பள்ளி ஆசிரியைகள் சங்கத்தில் பல ஆண்டுகள் செயலாளராகவும் இருந்தேன். எங்கள் தொழிலைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். ஐந்து வயது பூர்த்தியான பிள்ளை முதலாம் தரத்துக்குப் போகும். அதற்கு முந்திய மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். ஒரு முன்பள்ளியை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் நடத்தும், இன்னொன்றைப் பிரதேச சபை நடத்தும், வேறொன்றைக் கோயிலோ தேவாலயமோ நடத்தும். எங்களுக்குக் கிடைப்பதைச் சம்பளம் என்று சொல்வதில்லை. கொடுப்பனவு என்பார்கள். அந்தச் சொல்லிலேயே எங்கள் நிலை தெரியும்.

முந்திய காலத்தில் ஒரு புதிய ஆசிரியை வந்தால் அவரை உடனே தனியாக விடமாட்டார்கள். ஒரு மூத்த ரீச்சரோடு ஒரே கொட்டகையில் ஒரு வருடமோ இரண்டு வருடமோ நிற்பார். பிள்ளை விழுந்தால் எப்படித் தூக்குவது, தாய் சண்டைக்கு வந்தால் எப்படிக் கதைப்பது, வரவு இடாப்பை எப்படி எழுதுவது என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்தே பழகுவார். நானும் அப்படிப் பழகியவள்தான். அதற்கு ஒருவரும் திட்டம் என்று பெயர் வைக்கவில்லை.

யுத்தம் அந்தத் தொடர்ச்சியை அறுத்துவிட்டது. 2009 மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். 2010 இல் ஊருக்குத் திரும்பி வந்து, தறப்பாளின் கீழும் மரநிழலிலும் முன்பள்ளிகளைத் திரும்பத் தொடங்கினோம். அப்போது எண்ணிப் பார்த்தால், எங்களோடு முன்பு படிப்பித்தவர்களில் சிலர் உயிரோடு இல்லை. சிலருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. சிலர் வெளிநாடு போய்விட்டார்கள். அந்த இடங்களுக்கு உயர்தரம் எழுதிவிட்டு இருந்த இளம் பெண்கள் வந்தார்கள். சின்ன வயதிலிருந்தே இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படித்தவர்கள். அவர்களைத் தாங்கிப்பிடிக்க நடுவில் ஒருவரும் இருக்கவில்லை. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு ஊரில் இருபது, இருபத்தைந்து பிள்ளைகளோடு தனியே நின்றாள்.

2015 ஆம் ஆண்டு முடிவில் ஒரு பிள்ளை வேலையை விட்டுப் போனாள். வந்து நான்கு மாதம்தான். ஏன் என்று கேட்கப் போனேன். "பிள்ளையள் அழ நானும் அழுதிட்டன் ரீச்சர். ஆரிட்டைக் கேக்கிறது எண்டு தெரியேல்லை" என்றாள். சங்கம் என்று நாங்கள் ஒன்றை வைத்திருந்தோம். மாதாமாதம் கூட்டம் வைத்தோம், கொடுப்பனவைக் கூட்டித் தரும்படி மகஜர் எழுதினோம். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கவில்லை. அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

2016 தை மாதக் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னேன். ஒரு மூத்த ஆசிரியையும் ஒரு புதிய ஆசிரியையும் சோடியாகச் சேர்ந்து, மாதம் இரண்டு தரம் சந்திக்க வேண்டும் என்று முடிவானது. வழித்துணைத் திட்டம் என்று பெயர் வைத்தோம். ஒன்பது சோடிகள் சேர்ந்தன.

அந்த ஒன்பது சோடிகளையும் நான்தான் சேர்த்தேன். விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு, கொப்பி ஒன்றில் பெயர்களை எழுதி, ஒருவரையும் கேளாமல் கோடு போட்டுச் சேர்த்தேன். எல்லாரையும் எனக்குத் தெரியும் என்ற எண்ணம். அங்கேதான் முதற் பிழை.

ஒரு மூத்த ஆசிரியையின் கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். புதியவர்களில் ஒருத்திக்கும் அதே நிலை. கலியாணம் முடித்து ஒன்றரை வருடத்தில் கணவர் இல்லை, கையில் ஒரு மகள். துக்கம் ஒன்றென்றால் மனம் ஒன்றும் என்று நினைத்து இருவரையும் சேர்த்துவிட்டேன். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

இரண்டு மாதம் போனது. மூன்றாம் மாதம் இளையவள் சந்திப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றாள். அடுத்த முறை மகளுக்கு வருத்தம் என்றாள். பிறகு ஒரு நாள் பஸ் தரிப்பிடத்தில் என்னைக் கண்டவுடன் சொல்லிவிட்டாள்.

"ரீச்சர், அக்கா நல்லவ. நான் குறை சொல்லேல்லை. ஆனா அங்கை போனால் நாங்கள் ரெண்டு பேரும் அவரவற்றை ஆளைப் பற்றித்தான் கதைக்கிறம். வீட்டிலையும் அதுதான், கோயிலிலையும் அதுதான், விதானையாரிட்டைப் போனாலும் அதுதான். முன்பள்ளிக்குள்ளை நிக்கிற நேரம் மட்டுந்தான் நான் ரீச்சர். எனக்குக் கதை சொல்லப் பழக்கிற ஆள்தான் வேணும்."

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. நான் அவளை ஒரு ஆசிரியையாகப் பார்க்கவில்லை. அவளுடைய இழப்பை மட்டும் பார்த்துச் சோடி சேர்த்திருக்கிறேன். எங்களை நிவாரணப் பட்டியலில் எழுதுகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், விதவை, பெண் தலைமைத்துவக் குடும்பம், பயனாளி என்று. அதையே நானும் செய்திருந்தேன்.

மூத்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டே போனேன். அவர் சிரித்துவிட்டு, "எனக்கும் கஷ்டமாய்த்தான் இருந்தது. அவள் போன பிறகு ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்காது" என்றார். இருவருமே சுமந்திருக்கிறார்கள், மற்றவளின் மனம் நோகக்கூடாது என்று வாய்திறக்காமல் இருந்திருக்கிறார்கள். இளையவளுக்கு வேறொரு ஊரில், கதை சொல்வதில் பெயரெடுத்த ஒரு ரீச்சரைச் சேர்த்தோம். மூத்தவரும் அவளும் இன்றைக்கும் நல்ல உறவு. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாக உறவினர்கள் போராட்டத்தைத் தொடங்கியபோது, இருவரும் அந்தப் பந்தலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததை நான் கண்டேன். அந்தத் துக்கத்துக்கு உரிய இடம் அது. தொழில் பழகுவதற்கு வேறு இடம் வேண்டியிருந்தது.

இரண்டாவது பிழை ஒரு படிவத்தால் வந்தது. எங்கள் மூத்தவர்களில் ஒருவர் மிகவும் ஒழுங்கானவர். இளையவளுடைய முன்பள்ளிக்குப் போகும்போது ஒரு படிவத்தைத் தயாரித்துக் கொண்டுபோய், சுத்தம், நேரம், கற்றல் உபகரணம் என்று புள்ளி போட்டிருக்கிறார். நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் அந்தப் பிள்ளை, "ரீச்சர் வாற நாளெண்டால் எனக்கு விடியவே வயித்தைப் பிரட்டும்" என்றாள். மேற்பார்வைக்கு வேறு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். புள்ளி போடுகிறவரிடம் ஒருவரும் தன் குறையைச் சொல்லமாட்டார்கள். வழித்துணையின் கையில் படிவம் இருக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தோம்.

மூன்றாவது பிழைதான் எங்களை மிகவும் வருத்தியது. அது காசுப் பிரச்சினை.

ஒரு இளம் ஆசிரியை நுண்கடன் எடுத்திருந்தாள். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய கடன். காசு சேர்க்கிறவர் முன்பள்ளி வாசலுக்கே வந்து நிற்கத் தொடங்கினார். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார் எல்லாரும் பார்த்தார்கள். அவள் தன் வழித்துணை அக்காவிடம் அழுதாள். அக்காவுக்குச் சீட்டு விழுந்திருந்த நேரம். பதினையாயிரம் ரூபாவை எடுத்துக் கொடுத்துவிட்டார். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சொன்ன தவணைக்கு அவளால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதன் பிறகு அவள் அக்காவின் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினாள். சந்திப்புக்கு வரவில்லை. சங்கக் கூட்டத்துக்கும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரியவந்தது. ஒரு நல்ல அக்காவைத் தேடிக் கொடுத்தோம், அவர் கடன்காரியாகிவிட்டார். அந்தப் பிள்ளை ஒளித்துத் திரிய வேண்டிய ஆட்களில் இன்னொருவர் கூடிவிட்டார்.

நான் அக்காவிடம் போனேன். "காசு வராட்டிலும் பரவாயில்லை. பிள்ளை ஏன் வாறேல்லை எண்டதுதான் எனக்குக் கவலை" என்றார். அதை அப்படியே அவளிடம் போய்ச் சொன்னேன். காசு வேண்டாம் என்பதை அவள் ஏற்கவில்லை. மாதம் ஐந்நூறு ரூபா தருவதாகச் சொன்னாள். முப்பது மாதம், ஒரு மாதமும் தவறாமல் கொடுத்து முடித்தாள். ஆனால் பழையபடி மனம்விட்டுக் கதைக்க இருவருக்கும் அதைவிட நீண்ட காலம் எடுத்தது.

நுண்கடன் எங்கள் பெண்களை எவ்வளவு வதைத்தது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை நிபந்தனைகளோடு தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட பாரத்தை ஒரு தனிப்பெண்ணின் தலையில் ஏற்றினால் இரண்டு பேருமே விழுவார்கள். அதனால் சங்கத்தில் ஒரு சிறு அவசர நிதியை வைத்தோம். பொருளாளரும் வேறு இரண்டு பேரும் அதைப் பார்ப்பார்கள். வழித்துணை அக்காவுக்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, இது நமக்கு ஏன் என்று நினைத்துவிடாதீர்கள். நல்லவையும் நடந்தன. ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு முன்பள்ளியில் நான்கு வயது மகன் ஒருவன் வாயே திறக்கமாட்டான். வீட்டில் கதைப்பான் என்று தாய் சொல்கிறார், இங்கே ஒரு சொல் வராது. புதிய ஆசிரியை ஒவ்வொரு நாளும் அவனை எழுப்பி, "பெயர் என்ன, சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கிறாள். அவன் இன்னும் ஒடுங்கிப் போனான். வழித்துணை அக்கா கேட்டுவிட்டு, "இனி அவனிட்டை ஒரு கேள்வியும் கேக்காதையும். ஒரு வேலை குடும்" என்றார். பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை அவனுக்குக் கொடுத்தாள். ஒரு சின்ன வாளி, ஒரு சிரட்டை. ஒருவரும் அவனோடு கதைக்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. மூன்றாம் கிழமை அவன் வெறும் வாளியைக் கொண்டுவந்து, "தண்ணி முடிஞ்சுது" என்றானாம். அன்று பின்னேரம் அவள் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, சொல்லிவிட்டு அழுதாளாம். அப்படியும் கதைக்காத பிள்ளைகள் உண்டு. அவர்களை வைத்தியசாலைக்குக் காட்ட வேண்டும் என்பதையும் அக்கா சொல்லிக் கொடுத்திருந்தார். எதை நாமே செய்யலாம், எதை மற்றவரிடம் அனுப்ப வேண்டும் என்பதை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

இப்போது, கடிதம் எழுதிய சகோதரிக்கு, நாங்கள் அடிபட்டுக் கற்றவற்றை ஒழுங்காகத் தருகிறேன். தையலுக்கும் பொருந்தும், வேறு தொழிலுக்கும் பொருந்தும்.

1. இருவரையும் கேட்டுவிட்டுச் சேருங்கள். மூத்தவரிடம் "எதைப் பழக்கித் தர உங்களால் முடியும்?" என்றும், புதியவரிடம் "எதைப் பழக விருப்பம்?" என்றும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். "ஆரோடு சேர விருப்பமில்லை?" என்பதையும் கேளுங்கள். அந்தப் பதிலை ஒரே ஒருவர் மட்டும் வாசித்துவிட்டுக் கிழித்துவிட வேண்டும். ஊருக்குள் பழைய மனக்கசப்புகள் இருக்கும். அவற்றை ஒருவரும் கூட்டத்தில் எழும்பிச் சொல்லமாட்டார்கள்.

2. புதியவரின் வருமானத்தையோ வேலையையோ தீர்மானிக்கிறவரை வழித்துணையாக வைக்க வேண்டாம். தையலில் என்றால், அவருக்கு ஓடர் கொடுக்கிறவரை வைக்க வேண்டாம். ஒரே சந்தியில் கடை வைத்திருக்கிற இரண்டு பேரையும் சேர்க்க வேண்டாம். போட்டி வரும்.

3. தொடக்கமும் முடிவும் சொல்லுங்கள். நாங்கள் தை முதல் கார்த்திகை வரை என்று வைத்தோம். மாதம் இரண்டு சந்திப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். முடிவு நாள் தெரிந்தால் மூத்தவர்களும் துணிந்து வருவார்கள்.

4. பஸ் காசைச் சங்கம் கொடுக்க வேண்டும். இது சின்ன விஷயம் அல்ல. கையில் காசு இல்லாத நாளில் பெண்கள் காய்ச்சல் என்றுதான் சொல்வார்கள்.

5. சந்தித்துக் கதைத்தது வெளியே போகக்கூடாது. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றாலோ, ஒருவர் உயிரை மாய்க்கும் எண்ணத்தில் இருக்கிறார் என்றாலோ மறைக்கக்கூடாது. இதை முதல் நாளே இருவருக்கும் சொல்லிவிட வேண்டும். சிறுவர் உதவிக்கு 1929, பெண்களுக்கு 1938, மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கங்கள் இருக்கின்றன. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். எல்லாப் பாரத்தையும் வழித்துணை தானே சுமக்க வேண்டியதில்லை.

6. காசு கைமாறக்கூடாது. கடனும் வேண்டாம், சீட்டும் வேண்டாம், பிணை நிற்பதும் வேண்டாம்.

7. இரண்டு மாதம் முடிய, இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமலே விலகலாம் என்று விதி வையுங்கள். எங்கள் பெண்கள் மரியாதைக்காகப் பொறுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பொறுமையைப் பார்த்து எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நான் ஏமாந்தேன்.

8. மூத்தவர்களையும் கவனியுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர்களை மட்டும் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, கதைக்க விடுங்கள். மற்றவர்களுக்குக் காது கொடுக்கிறவளுக்கும் ஒரு காது வேண்டும். அவர்களும் எங்களைப் போலத்தான் முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்கள்.

2020 பங்குனியில் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டபோது சந்திப்புகள் நின்றன. தொலைபேசியில் கதைத்தோம். மூத்தவர் எடுத்தால் இளையவருக்குச் செலவில்லை என்பதால், சங்கம் மூத்தவர்களுக்கு மீள்நிரப்பு அட்டைக்குக் காசு கொடுத்தது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் சோடிகளை மாற்றினோம். அந்த இரண்டு வருடங்களிலும் சோடிகள் குறைந்தன. ஒரு முறை நான்கு சோடிதான். நான்கென்றாலும் நடத்தினோம். நின்றுபோனால் திரும்பத் தொடங்குவது பெரும் பாடு.

இப்போது நான் செயலாளர் இல்லை. சோடி சேர்க்கிற கொப்பி வேறொருவரிடம் இருக்கிறது. பஸ் தரிப்பிடத்தில் என்னைப் பிடித்துச் சொன்னாளே, அவளிடம்தான். அவளுடைய மகள் வளர்ந்துவிட்டாள். அவள் இரண்டு புதிய ஆசிரியைகளுக்கு வழித்துணையாகவும் இருந்துவிட்டாள். சோடி சேர்க்க முந்தி ஒவ்வொருவர் வீட்டுக்கும் சைக்கிளில் போய்க் கேட்டுவிட்டு வருகிறாள். மூன்று கிழமை எடுக்கிறது. நான் ஒரே இரவில் முடித்த வேலை அது.

2015 இல் வேலையை விட்ட பிள்ளையை இடைக்கிடை காண்கிறேன். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். எங்கள் திட்டம் அவளுக்குப் பிந்திவிட்டது. கண்டால், "முன்பள்ளியிலை ஊஞ்சல் இன்னும் இருக்கே ரீச்சர்?" என்று கேட்பாள். இருக்கிறது என்று சொல்வேன்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் உங்கள் தொழிலுக்குப் புதிதாக வந்து, ஆரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் ஒருத்தி இருப்பாள். சங்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்தக் கிழமை அவளிடம் போய், "உமக்கு எதைப் பழக விருப்பம்?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.